கற்றாழை இலையில் நார் பிரிக்கும் சிறு இயந்திரம்: இலை அறுப்பது முதல் நார் காய்வது வரை

100 கிலோ பச்சைக் கற்றாழை இலையிலிருந்து 3 முதல் 4 கிலோ வரை காய்ந்த நார்தான் கிடைக்கும். மீதி முழுவதும் நீரும் சதையும் தோலும் ஆகும். நார் பிரிக்கும் இயந்திரம் வாங்க எண்ணும் சிறு விவசாயி, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைத் தம் தோட்டத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஓர் இலை சராசரியாக 600 கிராம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 10 கிலோ நார் எடுக்க ஏறக்குறைய 500 இலைகள் வேண்டும். சிசல் என்னும் நார்க் கற்றாழைச் செடி ஒன்று தன் வாழ்நாள் முழுவதிலும் தருவதே 200 முதல் 250 இலைகள்தான். அதுவும் நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் அறுவடை தொடங்கும். வேலியோரத்தில் நிற்கும் இருபது முப்பது செடிகளை நம்பி இயந்திரம் வாங்குவது பொருந்தாது. நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஓர் இயந்திரத்தை வைத்துக்கொள்வதே பெரும்பாலான இடங்களில் சரியாக வரும்.

இலையைத் தெரிந்துகொள்ளுதல்

கற்றாழை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது சோற்றுக் கற்றாழை. அதில் நூற்கவோ திரிக்கவோ உதவும் நார் கிடையாது. நமக்கு வேண்டியது ரயில் கற்றாழை, ஆனைக் கற்றாழை என்றெல்லாம் ஊருக்கு ஒரு பெயரில் அழைக்கப்படும் அகேவ் இனம். அதிலும் நாருக்கென்றே பயிரிடப்படுவது சிசல் கற்றாழை. மெக்சிகோவின் யுகடான் கரையிலுள்ள சிசல் என்னும் துறைமுகத்தின் பெயரே இதற்கு வந்தது. சிசல் இலையின் ஓரங்களில் பெரும்பாலும் முள் இருக்காது, நுனியில் மட்டும் கூரிய முள் ஒன்று இருக்கும். ஆனைக் கற்றாழையின் ஓரங்களிலோ கொக்கி போன்ற முட்கள் வரிசையாக இருக்கும். இயந்திரத்துக்குக் கொடுக்கும் முன் இந்த ஓர முட்களைச் சீவி எடுப்பதற்கே ஓர் ஆள் தேவைப்படும் என்பதால், புதிதாக நடுபவர்கள் சிசலையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அடிவரிசையில் தரையை நோக்கிச் சாய்ந்து நிற்கும் முற்றிய இலைகளை மட்டும் அறுக்க வேண்டும். குருத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் இலைகளை அறுத்தால் செடியின் வளர்ச்சி குன்றும், அந்த இளநாருக்கு வலுவும் இருக்காது. அறுத்தவுடன் நுனி முள்ளை வெட்டிவிட்டு, நீளவாரியாகப் பிரித்துக் கட்டி, அன்றே, தவறினால் மறுநாளுக்குள், இயந்திரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நான் தொடங்கிய புதிதில் கூலியாள் கிடைக்காததால் ஒரு கட்டு இலையை நான்கு நாள் களத்தில் போட்டு வைத்திருந்தேன். சதை வற்றி நாரோடு ஒட்டிக்கொண்டதால் எத்தனை முறை கொடுத்தாலும் பச்சைப் பிசின் போகவில்லை. அந்த நார் கயிற்றுக்குக்கூட உதவவில்லை. நாரின் தரத்தைத் தீர்மானிப்பவை மோட்டாரின் வலு அல்ல, இலை அறுத்த பிறகு கடக்கும் மணிகளும், இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சிறு இடைவெளியுமே என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது

முற்காலத்தில் இலையைத் தட்டி நசுக்கிக் கண்மாயிலோ குட்டையிலோ பல நாள் ஊறப்போட்டு, சதை அழுகியபின் அலசி நாரை எடுத்தார்கள். தண்ணீர் நாறியது, கையும் அரித்தது. இயந்திரம் அந்த அழுகலுக்குப் பதிலாகச் சுரண்டலைக் கொண்டுவந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுகடானில், ஹெனெக்கென் என்னும் கற்றாழை வகைக்காக உருவான இந்த அமைப்புக்கு ராஸ்படோர் என்று பெயர். ஸ்பானிய மொழியில் சுரண்டி என்பதே அதன் பொருள். இன்று சிறு விவசாயிகளுக்கென விற்கப்படும் ஒற்றை உருளை இயந்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த அமைப்பின் வழிவந்தவைதான்.

சுழலும் இரும்பு உருளையின் மேல், நீளவாக்கில், சம இடைவெளியில் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைக் கத்தி என்று அழைத்தாலும் அவற்றின் விளிம்பு மழுங்கியே இருக்க வேண்டும். கூர் இருந்தால் நார் அறுந்துவிடும். உருளைக்கு எதிரே அசையாத இரும்புத் தாங்கு தகடு ஒன்று இருக்கும். இலை இவ்விரண்டுக்கும் நடுவே நுழையும்போது, ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும் பட்டைகள் சதையை நசுக்கிச் சுரண்டிக் கீழே தள்ளுகின்றன. நார் மட்டும் இழைகளாக மிஞ்சுகிறது. பாதி இலையை உள்ளே விட்டு வெளியே இழுத்து, பிறகு திருப்பிப் பிடித்து மறுபாதியைக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒருவர் நின்று ஊட்டும் இயந்திரங்கள் பெரும்பாலும் 2 முதல் 5 குதிரைத்திறன் வரையிலான மோட்டாரிலோ டீசல் இன்ஜினிலோ ஓடுகின்றன. குதிரைத்திறனைவிட முக்கியமாக நான் கவனிக்கச் சொல்வது மூன்று. முதலாவது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு உருளையைக் கையால் சுழற்றிவிட்டால் அது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்க வேண்டும். எப்போதும் ஒரே பட்டை கீழே வந்து நின்றால் உருளையின் எடை சமப்படவில்லை, ஓட்டத்தில் அது அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டாவது, தாங்கு தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு இரு பக்கமும் இருக்க வேண்டும். நிலையாகப் பற்றவைத்துவிட்ட தகடு உள்ள இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூன்றாவது, இலை படும் பாகங்கள் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது, ஏனெனில் கற்றாழைச் சாறு அமிலத் தன்மை உடையது, சாதாரண இரும்பை விரைவில் அரிக்கும், அந்தத் துரு நாரில் கறையாகவும் ஏறும்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் தோட்டத்து இலையையே ஒரு கட்டு எடுத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். வாழை மட்டையில் நன்றாக ஓடிய இயந்திரம் கற்றாழையிலும் அப்படியே ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது.

இயந்திரத்தை நிறுவுவதும் வேகம் அமைப்பதும்

அதிர்வு தாங்கும் காங்கிரீட் தளத்தில், நான்கு கால்களையும் போல்ட் போட்டு இறுக்கி நிறுத்த வேண்டும். சதை விழும் பக்கம் சற்றுச் சரிவாக இருந்தால் கழிவு காலடியில் சேராது. ஈரம் நிறைந்த இடமாதலால் மின்மோட்டாருக்கு எர்த் இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம். நிற்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும்.

உருளையின் வேகத்தைப் புல்லியின், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தின், அளவுகளால் கணக்கிடலாம். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது, அதன் புல்லி 4 அங்குலம், உருளையின் புல்லி 8 அங்குலம் என்றால், உருளை 720 சுற்று ஓடும். அந்த உருளையின் விட்டம் 40 செ.மீ. எனில், பட்டையின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் இலையைச் சுரண்டுகிறது. தயாரிப்பாளர் குறித்துள்ள சுற்றுக்கு மேல் ஓட்டினால் வேலை விரைவாக முடியும் என்று சிலர் உருளைக்குச் சிறிய புல்லியை மாட்டுகிறார்கள். அது நாரையும் அறுக்கும், ஆளுக்கும் ஆபத்து.

இடைவெளியைச் சரிசெய்தல்

பொறுமையுடன் செய்ய வேண்டிய வேலை இதுவே. மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றிய பிறகே தொடங்குங்கள். உருளையைக் கையால் மெல்லத் திருப்பி, எந்தப் பட்டை தாங்கு தகட்டுக்கு மிக அருகே வருகிறது என்று கண்டுபிடித்துச் சாக்பீஸால் குறியிடுங்கள். இடைவெளியை எப்போதும் அந்தப் பட்டையை வைத்தே அளக்க வேண்டும். மற்றொரு பட்டையை வைத்து அளந்தால், ஓடத் தொடங்கியவுடன் இந்தப் பட்டை தகட்டில் உரசும். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரே கனமுள்ள தகட்டுத் துண்டையோ, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜையோ நுழைத்து, இரு பக்கமும் 3 மி.மீ. வருமாறு திருகை இறுக்குங்கள்.

பிறகு பெல்ட்டை மாட்டி, காப்பு மூடியைப் போட்டு, ஓர் இலையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். நாரில் பச்சைத் தோல் ஒட்டியிருந்தால் இடைவெளி அதிகம். இயந்திரத்தை நிறுத்தி, இருபுறத் திருகையும் கால் சுற்று வீதம் இறுக்கி மறுபடியும் ஓர் இலை கொடுக்க வேண்டும். நார் சிலிர்த்துப் பிய்ந்து வந்தால் இடைவெளி குறைவு. ஒரு பக்கம் வெண்மையாகவும் மறுபக்கம் பச்சையாகவும் வந்தால் தகடு உருளைக்கு இணையாக இல்லை. கண்ணுக்கு நார் நன்றாகத் தெரிந்தாலும் அதோடு நிறுத்திவிடாமல், கீழே விழுந்த சதையில் ஒரு கைப்பிடி அள்ளி வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். அதில் குட்டை நார்கள் மிதந்தால், உங்கள் விளைச்சலில் ஒரு பங்கு கழிவோடு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிதாகத் தொடங்குபவர்கள் வெண்மையை மட்டும் பார்த்து இடைவெளியை இறுக்கிக்கொண்டே போவதால் இந்த இழப்பு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டரில் இடைவெளி அமையும். இலையின் முதிர்ச்சிக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது மாறும் என்பதால், ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து இலைகளைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இலையை ஊட்டுதல்

பிரேசிலின் வடகிழக்கிலுள்ள பாயா மாநிலத்தில், வறண்ட நிலத்துச் சிறு விவசாயிகள் இத்தகைய இயந்திரங்களை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அங்கே இவற்றில் விரலையும் கையையும் இழந்த தொழிலாளர்கள் பலர். உருளை இலையைத் தன்னை நோக்கி இழுக்கிறது; ஈரமான நார் கையைச் சுற்றிக்கொண்டால் கையும் அதோடு உள்ளே போகும். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கீழே வரும் விதிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஊட்டும் வாய்க்கு முன்னால் நீண்ட பெட்டி போன்ற தடுப்பு இருக்க வேண்டும். முழங்கை வரை கையை நுழைத்தாலும் விரல் உருளையைத் தொடாத நீளம் அதற்கு வேண்டும். நாரை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. வழுக்குகிறது என்றால் மரப்பிடியிலோ இடுக்கியிலோ பிடியுங்கள். தொளதொளப்பான கையுறை, முந்தானை, துப்பட்டா, தோள் துண்டு, அவிழ்ந்த தலைமுடி எதுவும் இயந்திரத்தின் அருகே கூடாது. சாற்றிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் எரியும். உடலை ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிய வேண்டும். களைத்த ஆளைத் தொடர்ந்து நிறுத்தாமல், ஊட்டுபவரையும் இலை எடுத்துக் கொடுப்பவரையும் மணிக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தடித்த அடிப்பகுதியை முதலில் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். அதிக இழுவிசை வரும் அந்த நேரத்தில் கையில் இருப்பது சாறு படாத, உறுதியான இலைநுனி. திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே சுத்தமான பகுதியில் ஒரு சாண் அளவு மறுபடியும் உள்ளே போகுமாறு கொடுத்தால், நடுவில் பச்சைப் பட்டை விழாது. ஒரு நேரத்தில் ஓர் இலைக்கு மேல் வேண்டாம்.

அலசுதலும் காயவைத்தலும்

நார் வெளியே வந்தவுடன் தண்ணீரில் போட வேண்டும்; ஒட்டியிருக்கும் சதை காய்ந்துவிட்டால் பழுப்பேறும். இரண்டு தொட்டிகளை வைத்து, முதலாவதில் அலசி இரண்டாவதில் கழுவினால் தண்ணீர் குறைவாகச் செலவாகும். பிழிந்து உதறி, மூங்கிலிலோ நைலான் கயிற்றிலோ மெல்லிய அடுக்காகத் தொங்கவிடுங்கள். துருப்பிடித்த கம்பியும் வெறுந்தரையும் கறையை ஏற்றும். நல்ல வெயிலில் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஈரம் உள்ளபோது கட்டி வைத்த நாரில் பூசணம் பிடிக்கும். காய்ந்தபின் ஆணிப் பலகையில் சீவி, நீளவாரியாகப் பிரித்து, மடிக்காமல் கட்டுங்கள்.

வாழை, அன்னாசி வளர்ப்பவர்களுக்கு

வாழையில் நாம் எடுப்பது தண்டு என்று அழைத்தாலும் அது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகளே. மட்டையை உரித்து, இரண்டு மூன்று அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். நார் மென்மையானதால் இடைவெளியைக் கவனமாக அமைக்க வேண்டும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வாழை நார் தொடர்பான வழிகாட்டுதலைக் கேட்டுப் பெறலாம். அன்னாசி இலையின் நார் இன்னும் நுண்மையானது. பிலிப்பைன்ஸின் அக்லான் பகுதியில் உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் அதைக் கையால் சுரண்டி எடுத்து மெல்லிய துணி நெய்கிறார்கள். கற்றாழைக்கென அமைந்த கனத்த உருளையில் அன்னாசி இலையைக் கொடுத்தால் நார் சிதைந்துவிடும். அதற்கு மெல்லிய இலைகளுக்கென்றே செய்த இயந்திரம் வேண்டும்.

கழிவும் பராமரிப்பும்

இலை எடையில் பெரும்பங்கு கழிவாக வரும் என்பதால் அதற்கான குழியை இயந்திரம் வருவதற்கு முன்பே வெட்டிவையுங்கள். சாணத்தோடும் காய்ந்த சருகோடும் அடுக்கிப் போட்டால் மட்கி எருவாகும். அலசிய நீரையும் சாற்றையும் குளத்திலோ ஓடையிலோ விடக் கூடாது. சாற்றிலுள்ள சப்போனின் மீன்களைக் கொல்லும்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து மின்சாரத்தைத் துண்டித்தபின், உருளையையும் தகட்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். பேரிங்குக்கு வாரம் ஒருமுறை கிரீஸ் வைத்து, பட்டைகளைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். தேய்ந்த பட்டையை மாற்றும்போது அதற்கு நேர் எதிரே உள்ளதையும் சேர்த்து, ஒரே எடையுள்ள இணையாக மாற்றுங்கள். மாற்றியபின் உருளையைக் கையால் சுழற்றிச் சமநிலையைச் சோதித்து, அருகே வரும் பட்டையைப் புதிதாகக் கண்டுபிடித்துக் குறியிட்டு, இடைவெளியை மீண்டும் 3 மி.மீ.யிலிருந்தே தொடங்க வேண்டும்.