கொல்லையில் நாலு புகையிலைச் செடி: வளர்ப்பதும் பாடம் போடுவதும்

புகையிலை வளர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கத்தரிக்காய் வளர்க்கத் தெரிந்தவர் இதையும் வளர்த்துவிடலாம், இரண்டும் ஒரே குடும்பம்தான். இலையைப் பறித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. பச்சை இலையை மொட்டை மாடியில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் முறுகக் காயவைத்தால், பச்சை நிறம் போகாத, வைக்கோல் வாசனை அடிக்கிற, தொண்டையைப் பிடிக்கிற ஒரு சருகுதான் கிடைக்கும். இலை எவ்வளவு மெதுவாகத் தண்ணீரை விடுகிறதோ அதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இங்கே வளர்ப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, பாடம் போடுவதை, அதாவது பறித்த இலையை மெதுவாக உலர்த்திப் பதப்படுத்துவதை, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம். சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா புகையிலையைப் பயிரிட இந்தியாவில் புகையிலை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள், நம் ஊர் நாட்டு ரகங்களோடு நின்றுகொள்ளுங்கள். காசுக்கு விற்கும் எண்ணமும் வேண்டாம், மெல்லும் புகையிலைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை உத்தரவு போட்டு வருகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும். ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாமல் ஒரு செடி வைத்தாலும் குற்றம்.

இரண்டாவது, "வீட்டில் விளைந்தது, மருந்து அடிக்காதது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு. அது சுத்தப் பொய். புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன் என்ற பொருள் பூச்சி மருந்திலிருந்து வருவதில்லை, இலையில் இருக்கும் நிகோட்டினிலிருந்தே பாடம் போடும்போது உருவாகிறது. மென்றாலும் ஊதினாலும் கெடுதல் கெடுதல்தான். செடிக்காக, அந்த வாசனைக்காக, ஒரு கைவேலையாக வளர்ப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ரகம் என்று பார்த்தால் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1948-லிருந்து இருக்கிறது. பாக்யலட்சுமி, அபிராமி, மீனாட்சி எல்லாம் அங்கிருந்து வந்த மெல்லும் புகையிலை ரகங்கள். அந்தப் பக்கம் தெரிந்த விவசாயி யாராவது இருந்தால் ஒரு சிட்டிகை விதை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே ஒரு தோட்டத்துக்கு ஆகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். கையில் எடுத்தால் மூக்குப்பொடி மாதிரிதான் தெரியும். தும்மினால் போச்சு.

ஆவணி, புரட்டாசியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மாசி வாக்கில் இலை கைக்கு வரும். ஒரு தட்டில் மணலும் சலித்த தொழுவுரமும் சமமாகக் கலந்து நனைத்து, விதையைக் காய்ந்த மணலோடு கலந்து மேலே தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது. முளைப்பதற்கு இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும், மூடினால் பெரும்பாலும் முளைக்காது. தண்ணீரை ஊற்றவும் கூடாது, எல்லா விதையும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஸ்பிரேயரில் பனி போல அடியுங்கள், அல்லது தட்டை அடியிலிருந்து நனையவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். நெருக்கமாக இருப்பதை ஈவு இரக்கம் பார்க்காமல் கிள்ளிப் போடுங்கள், நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் வந்து ஒரே ராத்திரியில் தட்டு காலியாகிவிடும்.

நாற்று ஆறேழு வாரத்தில் ஒரு சாண் உயரம் வந்ததும் நடலாம். தரையில் என்றால் செடிக்குச் செடி இரண்டரை அடி, மாடியில் என்றால் ஒரு பைக்கு ஒரு செடி, பை பெரியதாக இருக்கட்டும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். வேதாரண்யம் பக்கம் கடற்கரை மணலில்கூட பானையில் மொண்டு மொண்டு ஊற்றி இதை வளர்த்திருக்கிறார்கள். உரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: சாம்பல் சத்துக்கு என்று பொட்டாசியம் குளோரைடு போடாதீர்கள். குளோரின் இலையில் ஏறினால் அந்த இலை ஒழுங்காகப் பற்றி எரியாது. சல்பேட் வடிவத்தில் போடுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீருக்கும் இதே கதைதான். மெல்லும் ரகம் அதைத் தாங்கிக்கொள்ளும், சுருட்டுக்கு ஆகாது.

மற்ற செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாகவே பரவும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் போகும். இந்தச் செடியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் தக்காளிப் பக்கம் போகாதீர்கள். சிகரெட் பிடிப்பவர் கையிலும் அந்த வைரஸ் இருக்கலாம். வெட்டுப்புழுவை ராத்திரியில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடலாம், நாலு செடிக்கு மருந்து எதற்கு? வேரடியில் இலையே இல்லாமல் வெளுத்த தண்டு ஒன்று கிளம்பினால் அதுதான் புகையிலைக் காளான். பெயர்தான் காளான், உண்மையில் வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணிச் செடி. பூத்து விதை உதிர்வதற்குள் பிடுங்கி எரித்துவிட வேண்டும், விதை மண்ணில் விழுந்தால் பல வருஷம் விடாது.

மொட்டு தலைகாட்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இளஞ்சிவப்பில் அழகான பூ, மனசு வராதுதான், ஆனால் பூவுக்கும் விதைக்கும் போகிற சத்து இலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் வேறு வழியில்லை. நிகோட்டின் உருவாவது வேரில், அங்கிருந்து இலைக்கு ஏறுகிறது. தலையைக் கிள்ளினால் இலை தடிக்கும், காரமும் ஏறும். கிள்ளிய பிறகு ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் சிம்பு, அதாவது பக்கத் துளிர், வெடிக்கும், வாரத்துக்கு ஒரு முறை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிள்ளிச் சில வாரம் கழித்து இலை லேசாக மஞ்சள் தட்டி, மேல்பக்கம் தவளைத் தோல் போல மேடு பள்ளமாகி, நுனி கீழே தொங்கும். நடு நரம்பு வெளுக்கும். அதுதான் முற்றிய அடையாளம். கீழ் இலை முதலில் முற்றும், மேல் இலை கடைசி. அதனால் கீழிருந்து இரண்டு மூன்றாகப் பறித்துக்கொண்டு போவதுதான் வீட்டுக்குச் சரிப்படும். பனி காய்ந்த பிறகு பறியுங்கள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஈர இலையிலிருந்து நிகோட்டின் தோல் வழியாக உள்ளே போய் வாந்தி, தலைசுற்றல் எல்லாம் வரும், புகையிலைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான நோய். குழந்தைகளையும் நாய் பூனையையும் பக்கத்தில் விடாதீர்கள்.

இனிமேல்தான் பாடம்.

பறித்த இலையில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் தண்ணீர். அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது. அந்த உயிர் இருக்கும்வரைதான் பச்சையம் சிதையும், மாவுச்சத்து சர்க்கரையாகும், அந்தச் சர்க்கரையும் செலவாகும். வெயிலில் போட்டு ஒரே நாளில் கொன்றுவிட்டால் இது எல்லாம் பாதியில் நின்றுபோகும், பச்சை பச்சையாகவே உறைந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் அந்தப் பச்சை போகாது.

அதனால் இலைகளைக் காம்புப் பக்கம் ஊசி கோத்து, சணலில் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். கார் ஷெட், மாடிப்படி அடி, ஓலைக் கொட்டகை எது வேண்டுமானாலும் சரி, மழையும் நேர் வெயிலும் படக் கூடாது, படுக்கை அறையாகவும் இருக்கக் கூடாது. ஈரப்பதம் 65-லிருந்து 75 சதவீதம் இருந்தால் நல்லது. ஈரப்பத மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். மாசியில் உள்மாவட்டங்களில் காற்று காய்ந்துகிடக்கும், அப்போது தரையில் தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்கைச் சுற்றிலும் தொங்கவிட வேண்டும். கடலோரத்தில் பிரச்சினை தலைகீழ், அங்கே ஃபேன் போட்டு விடுங்கள்.

முதல் வாரம் பத்து நாளில் இலை மஞ்சளாகும். அப்புறம் ஓரத்திலிருந்து பழுப்பு ஏறும். கடைசியில் நடு நரம்பு காயும், இதற்குத்தான் நிறைய நாள் பிடிக்கும், மொத்தமாக ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகலாம். இலை காய்ந்துவிட்டதே என்று அவசரப்பட்டு இறக்காதீர்கள், நரம்பை மடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அடுக்கிய பிறகு அந்த ஈரம்தான் பூஞ்சையாக வரும். பூஞ்சை வாசனை வந்த இலையைக் காயவைத்து மீட்கப் பார்க்காதீர்கள், குப்பைக்குப் போடுங்கள்.

நன்றாகக் காய்ந்த இலையைப் பகலில் தொட்டால் நொறுங்கும். அதிகாலையில், பனியில் இலை பதமாகித் துவளும்போது இறக்குங்கள். வயக்காட்டிலும் இந்த நேரத்தில்தான் இலையைக் கையாளுகிறார்கள். பிறகு காம்பு எல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி அடுக்கி, பாயால் சுற்றி, மேலே கனம் வையுங்கள். உள்ளே சூடு ஏறும். வாரம் ஒரு முறை பிரித்து, நடுவில் இருந்ததை வெளியிலும் வெளியில் இருந்ததை நடுவிலும் மாற்றி அடுக்க வேண்டும். நாலு செடி இலைக்குச் சூடு பெரிதாக ஏறாது, அதற்காகத் தண்ணீர் தெளித்து ஏற்றப் பார்க்க வேண்டாம். ஈரம் கூடினால் கிருமி பெருகி, மேலே சொன்ன நைட்ரோசமைனும் கூடும். சில ஊர்களில் இந்தக் கட்டத்தில் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பார்கள், வீட்டு அளவில் எனக்கு அது வேண்டாத வேலையாகத்தான் படுகிறது, எறும்புக்குத்தான் கொண்டாட்டம். அடுக்கிய இலை மேல் வெள்ளையாகப் பூத்தால் உடனே பயப்பட வேண்டாம், நம் மெல்லும் ரகங்களில் உப்புப் பூப்பது உண்டு, வியாபாரிகள் அதை நல்ல சரக்கின் அடையாளமாகவே பார்ப்பார்கள். பஞ்சு மாதிரி இருந்து புழுங்கல் வாடை அடித்தால் அது பூஞ்சை.

அடுக்கில் கிளம்பும் அமோனியா நெடி அடங்கி, வாசனை கனிந்தால் பாடம் முடிந்தது. மூடி போட்ட டப்பாவில் லேசான பதத்தோடு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மேலே பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்த வருஷ விதைக்கு ஒரு செடியை மட்டும் தலை கிள்ளாமல் விட்டு, பூங்கொத்தை மெல்லிய துணிப் பையால் மூடுங்கள். தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி இது, பை கட்டினால் வேறு ரகம் கலக்காது. காய் பழுப்பாகி உலர்ந்ததும் கொத்தோடு வெட்டி, காகிதத்தின் மேல் தட்டி, சலித்து, காய்ந்த சின்னக் குப்பியில் போட்டு மூடுங்கள். ஈரம் படாமல் இருந்தால் சில வருஷம் வரைக்கும் முளைக்கும்.