ஒரே கோர்த்தேயில் பெரியவருக்கும் பிள்ளைக்கும் இணை ஏப்ரன்

குவாத்தமாலாவின் மேட்டுநிலங்களில் வாழும் மாயா பெண்களின் உடையில் இரண்டு துணிகள் முதன்மையானவை. மேலே அணியும் சட்டைக்கு உய்பில் என்று பெயர். பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை நெய்பவர் தம் இடுப்பில் பட்டையால் மாட்டிக்கொள்ளும் இடுப்புத்தறியில் அது பெரும்பாலும் நெய்யப்படுகிறது. கீழே பாவாடையாகச் சுற்றிக்கொள்ளும் துணி கோர்த்தே. இது காலால் மிதித்து இயக்கும் அகலமான தறியில் உருவாகிறது. இந்தத் துணிகளில், சமைக்கும்போது உடைக்கு மேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் தைக்க முதன்முதலாக முயல்பவர்கள் கோர்த்தேயையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உய்பிலின் கோலம் அதை அணிபவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லக்கூடியது. அந்தக் கோலங்களுக்குக் கூட்டு அறிவுசார் சொத்துரிமை வேண்டும் என்று 2016இல் நெசவுப் பெண்கள் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்றார்கள். நல்ல நிலையில் இருக்கும் உய்பிலில் கத்தரி வைக்காதீர்கள். தோள்பட்டை நைந்து, இனி உடுத்த முடியாமல் போனதன் நல்ல பகுதி மட்டும் ஏப்ரனின் பாக்கெட் பைக்கான துணியாக நமக்குப் போதும்.

வியாழனும் ஞாயிறும் கூடும் சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையில் உடுத்திப் பழகிய கோர்த்தேகள் மடித்து அடுக்கி விற்கப்படுகின்றன. பலவற்றில் ஹாஸ்பே என்னும் வேலைப்பாடு இருக்கும். நூலை ஆங்காங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கியெடுத்து, அதன் பிறகே நெய்வதால் உருவங்களின் விளிம்பு சற்றே கலங்கித் தெரியும். போச்சம்பள்ளிப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை அடையாளம் காண்பது எளிது. சல்காஹா என்ற ஊர் இந்த நூலுக்குப் பெயர் பெற்றது. பல கோர்த்தேகளில் இரண்டு நீளத் துண்டுகளை இணைக்கும் இடத்தில், விரற்கடை அகலத்துக்கு வண்ண நூலால் நெருக்கமாகப் போட்ட பூத்தையல் ஒன்று ஓடும். அதன் பெயர் ராந்தா. நம் இரண்டு ஏப்ரன்களையும் இணையாகக் காட்டப்போவது இந்த ராந்தாதான்.

துணியைச் சோதித்தல். ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கருமணியாக இறுகும். அடுப்பருகே அணிவதற்குப் பருத்தி மட்டுமே ஏற்றது. உருகும் நூலாக இருந்தால் அந்த ஏப்ரனை ஓவியம் வரைவதற்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்து, நனைத்த வெள்ளைத் துணியால் சிவப்பும் கருநீலமும் உள்ள இடங்களை நன்றாகத் தேயுங்கள். இதைச் செய்யாமல் தைத்த என் முதல் ஏப்ரனின் வெள்ளைக் கோடுகள் ஒரே சலவையில் ரோஜா நிறமாயின. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் மீண்டும் மீண்டும் அலசி, நிழலில் உலர்த்துவதே வழி.

வெட்டுதல். சுமார் 90 செ.மீ. அகலமுள்ள கோர்த்தேயில் 1.6 மீட்டர் நீளம் வேண்டும். ராந்தா சரியாக மடிப்பின் மேல் வரும்படி துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்துக்கொண்டால், பாதி வடிவத்தை வரைந்து வெட்டினாலே முழு ஏப்ரன் கிடைத்துவிடும். பெரியவருக்கு உயரம் 87 செ.மீ.; மடிப்பிலிருந்து அளந்தால் மார்புப் பகுதியின் மேல்விளிம்பு 14.5, இடுப்புக்குக் கீழே 37. மேலிருந்து 28 செ.மீ. இறங்கியதும் கைக்குழிவு பக்கவாட்டு விளிம்பைத் தொட வேண்டும். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு உயரம் 60, மேல்விளிம்பு 10.5, கீழே 24, கைக்குழிவின் இறக்கம் 18. தையலுக்கு விடவேண்டிய துணி இவ்வளவுகளிலேயே அடங்கியிருக்கிறது. இரண்டிலும் ராந்தா மார்பின் நடுவிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே நேர்கோடாக இறங்கும். வெட்டும் இடத்தில் ராந்தாவின் நூல் பிரியும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே அதன் குறுக்கே நெருக்கமாக இரண்டு வரி தையல் போட்டுவிடுங்கள்.

தைத்தல். கைத்தறித் துணி வெட்டிய கணத்திலிருந்தே பிரியத் தொடங்கும். ஆகவே சுற்றிலும் உடனே ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் போட வேண்டும். 14ஆம் எண் ஊசியும் 3 மி.மீ. தையலும் பொருந்தும். கைக்குழிவில் மெல்லிய பருத்தியின் கிராஸ் பட்டியை (மூலைவாட்டில் வெட்டிய பட்டையை) வைத்து உட்புறம் திருப்புங்கள். வளைவை வெறுமனே மடித்தால் சுருங்கும். பக்கங்களை 2 செ.மீ. மடித்தும், மேல்விளிம்பை 3 செ.மீ. மடித்தும் தைக்கலாம்.

பெரியவரின் ஏப்ரனுக்கு இருபுறமும் மிஞ்சும், கரையோடு கூடிய 8 செ.மீ. பட்டைகளை நான்காக மடித்துத் தைத்தால் இடுப்பு நாடாக்கள் தயார். மற்ற நாடாக்கள் பிள்ளையின் ஏப்ரனுக்கு அருகில் மிஞ்சிய துணியிலிருந்து கிடைக்கும். பிள்ளையின் கழுத்துப் பட்டையை முடிச்சுப் போடும் வகையில் வைக்க வேண்டாம். பிடரியில் வெல்க்ரோ வைத்தால், எங்காவது மாட்டி இழுபட்டாலும் தானே விடுபடும்.

நைந்த உய்பிலிலிருந்து பெரியவருக்கு 18க்கு 20, பிள்ளைக்கு 12க்கு 13 செ.மீ. அளவில் பைகளை எடுக்கலாம். பூவேலையின் பின்புறத்தில் நூல்கள் நீளமாகத் தொங்கி விரலில் மாட்டும் என்பதால் பைக்கு லைனிங் கட்டாயம். பையை ராந்தாவின் மேல் வைத்து மறைத்துவிடாமல், வலப்புறமாகத் தள்ளிப் பொருத்துங்கள்.

கடைசியாகக் கீழ்விளிம்பு. பெரியவருடையதை 4 செ.மீ. மடித்து மெஷினில் ஓட்டிவிடலாம். பிள்ளையுடையதை மட்டும் 7 செ.மீ. மடித்துக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்ததும், அந்தத் தையலைப் பிரித்து நான்கு செ.மீ. இறக்கிக்கொள்ளலாம்.