எஸ்டா கட்டணம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவைப் பார்க்க நாங்கள் நால்வரும் லண்டனிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போய் வருவோம். அதற்கு விசா இல்லாமல் போக இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் அமெரிக்க அனுமதிதான் எஸ்டா. 2025 செப்டம்பர் 30 அன்று அதன் கட்டணம் 21 டாலரிலிருந்து 40 டாலராக ஏறியது. அதனால் 28ஆம் தேதி ஞாயிறன்றே உட்கார்ந்து முடித்துவிட்டேன். மிச்சம் 76 டாலர்.

பழைய அனுமதியை நீட்டிக்க வழியில்லை. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வருடக் கணக்கு புதிய அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஓடும், பழையதில் மிஞ்சிய நாட்கள் சேராது. பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியானால் எஸ்டாவும் அன்றோடு முடிந்துவிடும். மகனுக்கு மார்ச்சில் முடிகிறது. அவனுக்கு முதலில் பாஸ்போர்ட்டை மாற்றியிருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் இணையதளத்தின் முகவரி ‘டாட் கவ்’ (.gov) என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடலில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கேட்கும்.

நம்மவர்கள் தடுமாறுவது பெயரில்தான். வீட்டில் எது அப்பா பெயர் என்று யோசிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அப்புறம் அக்கா வீட்டு முகவரி, பெற்றோர் பெயர்கள் எல்லாம் கேட்பார்கள். குழுவாக விண்ணப்பித்தால் ஒரே தடவையில் பணம் கட்டலாம். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும்.

பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பாவது முடித்துவிடுங்கள்.