பயண நாவலில் வரும் பாடல் பட்டியல்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் பயண நாவல்களில் ஒரு வகை உண்டு. பதின்ம வயதுப் பாத்திரங்கள் இருவர் ஒரு காரில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் புறப்படுவார்கள். வழியில் அவர்கள் கேட்ட பாடல்களின் பட்டியல், சாப்பாட்டுக் கடைப் பற்றுச்சீட்டு, கையால் கீறிய வரைபடம் முதலியன அத்தியாயங்களுக்கு இடையில் அச்சிடப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் என்னிடம் இத்தகைய நூல்களை இரவல் வாங்கிச் செல்லும் உயர்தர மாணவர்களிற் பலர், கதை பிடித்திருந்ததாகச் சொல்லிவிட்டு, பாட்டு லிஸ்ட் இருந்த பக்கங்களைத் தட்டிவிட்டதாகவும் சேர்த்துச் சொல்வார்கள். என் கணிப்பில் ஆகப் பெரிய தவறு அதுதான்.

பட்டியலைத் தயாரித்த பாத்திரம், நேரே சொல்ல வாய் வராததை அங்கே எழுதி வைக்கிறது. கசெட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதி ரெக்கோர்டிங் பாரில் கொடுத்தால், அதே ஒழுங்கில் பதிந்து தருவார்கள். தொண்ணூறு நிமிடக் கசெட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடந்தான் என்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கே ஒரு பின்னேரம் செலவாகும். எங்கள் வீட்டில் பெரியண்ணா எழுதிய அட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் நான்காவது பாடலின் பெயர் வெட்டப்பட்டு, மேலே வேறொன்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வெட்டு யாருக்காக என்பது அம்மாவுக்கு இரண்டு வருடம் கழித்தே தெரியவந்தது. நாவலின் பட்டியலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: இதை எழுதியது யார், அந்த நேரத்தில் காரை ஓட்டுவது யார், முன்பு இல்லாத பாடகர் ஒருவர் இப்போது எப்படி உள்ளே வந்தார், எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் வருகிறது. இருவரில் ஒருவரின் விருப்பம் மட்டும் நிறைந்திருந்த பட்டியலில் மற்றவரின் பாடல் முதன்முதலாக நுழையும் இடம், பெரும்பாலும் உரையாடல் எதுவும் சொல்லாத ஒரு மாற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு, பாடல்களை ஓடவிட்டுக்கொண்டே வாசிப்பது. பாட்டிலுள்ள சொற்களும் தாளிலுள்ள சொற்களும் ஒரே நேரத்தில் மனத்துக்குள் நுழைய முண்டியடிக்கும்போது, இரண்டுமே அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கேட்பதே நல்லது. கேட்கும்போது ஷஃபிளை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்கு குலைந்துவிடும். பாடல் வரிகள் ஏன் நூலில் இல்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. பாடலின் தலைப்பைப் பதிப்புரிமை பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. வரிகளை அச்சிடுவதற்கோ உரிமையாளரின் அனுமதி பெற்று, பெரும்பாலும் பணமும் கட்ட வேண்டும். ஆகவே எழுத்தாளர் தலைப்பையும் பாடகர் பெயரையும் மட்டும் தருகிறார். அதற்காக ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம்.

தூரத்தை நம் கணக்கில் அளப்பது மற்றொரு வழுக்கல். ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர். பன்னிரண்டு பாடல் கொண்ட பட்டியல் முக்கால் மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 72 கிலோமீற்றரைக் கடந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் கிளிநொச்சியையும் சற்றுத் தாண்டியிருப்போம். (யாழ்ப்பாணத்தைக் கண்டியுடன் இணைக்கும் ஏ-9 வீதியில் அந்த வேகத்துக்கு அனுமதி இல்லை என்பது வேறு கதை.) இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால், நெவாடா மாநிலத்தின் வெறும் நிலத்தினூடாகச் செல்லும் 50ஆம் இலக்க வீதியை 1986இல் லைஃப் சஞ்சிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான வீதி என்று ஏன் அழைத்தது என்பதும், அங்கே ஒரு பட்டியல் முடிந்து அடுத்ததும் முடிகிற சலிப்பும் உடம்புக்கே புரியும். வீதி இலக்கங்களையும் கவனிக்கலாம்: அங்குள்ள மாநிலங்களுக்கிடையிலான பிரதான நெடுஞ்சாலைகளில் ஒற்றை எண் வடக்குத் தெற்காகவும் இரட்டை எண் கிழக்கு மேற்காகவும் செல்வதைக் குறிக்கும். கிழக்கே போக வேண்டியவர்கள் ஒற்றை எண் வீதியில் ஏறினால், அவர்கள் வழி மாறுகிறார்கள் என்பதை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே நீங்கள் அறிந்துவிடுவீர்கள்.

வழி மாறும் அந்த இடத்தில்தான் நம்மவர்கள் பொறுமை இழக்கிறார்கள். நேரே போனால் நான்கு நாளில் முடிகிற பயணத்தை இந்தப் பிள்ளைகள் ஏன் இழுக்கிறார்கள் என்று நாற்பது வயதைத் தாண்டிய வாசகர் ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போரால் மூடப்பட்டிருந்து 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடப்பட்ட ஏ-9 வீதியைப் பார்த்திருந்தவர்களுக்குப் பயணம் என்றாலே போய்ச் சேர்ந்தால் போதும் என்பதுதான். சோதனைச்சாவடி வரிசையில் நின்றவருக்குச் சுற்றுவழி ஒரு சுகமாகத் தெரியாது. ஆனால் இவ்வகை நாவலில் கதை நிகழ்வதே சுற்றுவழியில். சேருமிடத்தை அறியும் அவசரத்தில் கடைசி அத்தியாயத்துக்குத் தாவுகிறவர், அங்கே இரண்டு பேர் காரைவிட்டு இறங்குவதை மட்டுமே காண்பார்.

கடைசிப் பட்டியலைத் தனியாக வாசிப்பதும் அதே விதமான இழப்பு. முதற்பட்டியலில் ஒருவர் சேர்த்த பாடலை முடிவில் மற்றவர் தம் பட்டியலில் எழுதியிருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க, முதற்பட்டியல் உள்ள பக்கத்தில் ஒரு பழைய பஸ் ரிக்கெற்றைச் செருகி வைத்திருந்தால் போதும்.