ஆட்டுக்குத் தாடை வீங்கினால்: என் அனுபவம்

ஐப்பசி மழை பிடித்த பிறகு எங்கள் வெள்ளாடுகளில் சில தாடைக்கடியில் நீர் கோத்து நின்றன. கழிச்சல் இல்லை, இரையும் ஓரளவு எடுத்தன. வழக்கமான குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் கொடுத்தும் தேறவில்லை.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் முதலில் பார்த்தது கண்ணைத்தான். கீழ் இமையை விரலால் இழுத்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. புழுக்கையைப் பரிசோதித்ததில் முட்டைகள் ஏராளம். ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு. நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ரத்தப் புரதம் குறைவதால்தான் தாடையில் நீர் இறங்குகிறது. அதனால் கழிச்சல் இல்லையே என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுவுக்கு அது பழகிவிடும் என்று சொல்லி, வேறு வகை மருந்து எழுதினார். ஆட்டை எடை போட்டு, அந்த அளவுக்குக் கொடுத்தோம். 14 நாள் கழித்து மறுபடி புழுக்கைப் பரிசோதனை. முட்டை வெகுவாகக் குறைந்திருந்தது. வீக்கமும் வடிந்தது.

அப்புறம் மேய்ச்சலை மாற்றினேன். ஈரப் புல்லின் நுனியில்தான் இளம்புழு ஏறி நிற்கும். பனி காய்ந்த பிறகே ஓட்டுகிறேன், குட்டைக்கரைப் பக்கம் விடுவதில்லை. அகத்தி, சுபாபுல் தழையைக் கட்டித் தொங்கவிடுகிறேன். இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டுமே இப்போது மருந்து.