ரோத் ரிலேக்குக் கிளம்பும் மூன்று பேருக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஞாயிறு காலை நெடு ஓட்டம் முடிந்து காபி குடிக்கும் வேளையில் யாராவது மூன்று பேர் முடிவெடுத்துவிடுகிறார்கள். தனியாளாக முடியாது, ரிலேயாகப் போய்விட்டு வரலாம். ஒருவர் நீந்தட்டும், ஒருவர் சைக்கிள் ஓட்டட்டும், ஒருவர் ஓடட்டும். ஜெர்மனியில் நியூரம்பெர்க்குக்குத் தெற்கே இருக்கும் ரோத் நகரின் பெயர் அடுத்த நிமிடம் வந்து விழும். 1984 முதல் டிரையத்லான் நடக்கும் ஊர். ஜூலை தொடக்கத்தில் நடக்கும் ‘சேலஞ்ச் ரோத்’தில் கால்வாயில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன்பின் முழு மாரத்தான். தனிநபர்கள் போகும் அதே பாதையில்தான் ரிலே குழுக்களும் போகின்றன.

ஆசையில் குறையில்லை. பயிற்சி போதாது, தண்ணீர் குடிக்கவில்லை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதும் இல்லை. அதைச் சொல்ல ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ரிலேக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

விசாவை அவரவர் பாடு என்று விடுவது

ரிலேயில் உழைப்பு மூன்றில் ஒரு பங்கு என்பதால் பொறுப்பும் அவ்வளவுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரின் நுழைவுக் கட்டணம், விமான டிக்கெட், தங்குமிடம், அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு அத்தனையும் சேர்ந்தே போகும்.

ஒருமுறை எங்கள் குழுவில் நீந்த வேண்டியவர் அருமையான நீச்சல்காரர். விசா என்ன ஆயிற்று என்று கேட்டால், “அது ஓடிக்கொண்டிருக்கிறது” என்பார். ஏப்ரலில் ஓடியது, மே மாதமும் ஓடியது. ஜூனில்தான் விஷயம் வெளியே வந்தது. ஜெர்மனிக்கு விண்ணப்பம் கொடுக்க நேர ஒதுக்கீடு கிடைக்கவில்லை என்று, இடம் காலியாக இருந்த வேறொரு ஷெங்கன் நாட்டுக்கு (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) விண்ணப்பித்திருந்தார். அந்த நாட்டில் ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப்போவதாக ஓட்டல் முன்பதிவு வைத்திருந்தார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கூடுதல் வலு சேர்க்கும் என்று நினைத்து ரோத் போட்டிப் பதிவுக் கடிதத்தையும் இணைத்திருந்தார். போகும் காரணம் ஜெர்மனி, விண்ணப்பம் வேறிடம். நிராகரித்தார்கள். அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் நிராகரித்திருப்பேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவும் திறந்த நீரில் 3.8 கி.மீ. நீந்தும் தெம்பும் ஒருசேர உள்ள ஆளைத் தேடிப் பாருங்கள், தெரியும். கிடைக்கவில்லை. பணம் திரும்பாத டிக்கெட் என்பதால் ஓட்டக்காரரும் நானும் போனோம்; சைக்கிள் பாதையில் வரும் சோலாரர் பெர்க் மேட்டில் கூட்டத்தோடு நின்று யார் யாருக்கோ கைதட்டினோம். என் சைக்கிள் பெட்டி திறக்கப்படாமலேயே ஊர் திரும்பியது. அதற்கு இரண்டு வழிக்கும் தனிக் கட்டணம். நண்பர் மனமாரத்தான் மன்னிப்புக் கேட்டார். பணம் தரவில்லை, தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசியிருக்கவும் இல்லை.

அண்மையில் ஒரு புதுக் குழுவிடம் விசாவைப் பற்றிக் கேட்டேன். “ஓடிக்கொண்டிருக்கிறது” என்றே பதில் வந்தது. இந்தக் கட்டுரையே அந்த எரிச்சலில் எழுதுவதுதான்.

விதிகளில் மர்மம் எதுவும் இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலைப் போட்டி என்றால் ஜனவரி. வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், மேலும் ஆராய வேண்டும் என்றால் 45 நாள் வரை இழுக்கும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். எந்த நாட்டுக்காகப் போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கோடையில் எல்லாரும் ஐரோப்பா கிளம்புவதால் விண்ணப்ப நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

ஆகவே மூன்று பேரும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். நேர ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஒருவருக்கொருவர் காட்டுங்கள், வாய்ச்சொல் போதாது. கடைசி நேரத்தில் விலகுபவர் எதை ஈடுகட்ட வேண்டும் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எழுதிக்கொள்வதா என்று கூச்சப்படுகிறவர்தான் பெரும்பாலும் முதலில் விலகுகிறவர். ஆள் மாற்ற எந்தத் தேதிவரை இடம் உண்டு என்று போட்டி விதிகளில் பார்த்து, நான்காவதாக ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். அங்கேயே வேலை பார்க்கும் நண்பர் யாராவது நீந்தவோ ஓடவோ செய்பவராக இருந்தால் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இடது வலது

இங்கே சாலையில் இடப்பக்கம் போய் வலப்பக்கம் முந்துகிறோம். ஜெர்மனியில் வலப்பக்கம் போய் இடப்பக்கம் முந்த வேண்டும். எல்லாருக்கும் தெரியும். ஆனால் நூறு கிலோமீட்டர் மிதித்துக் களைத்த பின் உடம்பு பழக்கப்பட்ட இடப்பக்கத்துக்கே ஒதுங்கும். பின்னால் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வருபவர் உங்களைத் திட்டுவது ஜெர்மன் தெரியாமலே புரியும். பாதையை மறிப்பது விதிப்படி குற்றமும்கூட.

வாடகை சைக்கிள் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. இங்குள்ள சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கையில் முன் பிரேக். அங்கே முன் பிரேக் இடது கையில். பின் பிரேக் என்று நினைத்து இடது லிவரை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். சைக்கிள் பாதையில் கிரேடிங் ஊர்ப் பக்கத்து இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சிப்பை வெட்சூட்டுக்குள் புதைப்பது

ரிலேயில் கைமாறுவது கணுக்காலில் கட்டும் நேரக் கணிப்புச் சிப். தனிநபர்கள் அது கழன்றுவிடாமல் இருக்க வெட்சூட்டின் (குளிர் தாங்க அணியும் ரப்பர் நீச்சல் உடை) கால் விளிம்புக்குள் செருகிவிடுவார்கள். அதைப் பார்த்து ரிலே நீச்சல்காரரும் அப்படியே செய்கிறார். கால்வாய் நீரிலிருந்து வந்தவருக்கு விரல்கள் மரத்திருக்கும். ஈர ரப்பரை உருட்டி மேலேற்றி, ஒட்டுப்பட்டையின் நுனியைத் தேடித் தடுமாறுவார். சைக்கிள்காரர் ஹெல்மெட்டோடு நின்று வேடிக்கை பார்ப்பார். சிப்பை வெட்சூட்டுக்கு வெளியே, நுனி முன்பக்கம் தெரியும்படி கட்டுங்கள். கழற்றும் வேலை சைக்கிள்காரருடையது. நீச்சல்காரர் காலை நீட்டிக்கொண்டு நின்றால் போதும்.

நீச்சல் குளத்தில் மட்டும் நீந்திவிட்டுப் போவது

கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெட்சூட்டை முதன்முறையாகப் போட்டி நாளில் போடுபவருக்கு முதல் ஐந்நூறு மீட்டர் மூச்சே வராது.

ஓட்டக்காரரைக் காலையிலேயே களைப்பாக்குவது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரிலே குழுக்களை, காலை ஆறரைக்குத் தொடங்கும் தனிநபர் தொகுதிகள் போன பிறகே நீரில் விடுவார்கள். நீச்சலுக்கு ஒன்றரை மணி நேரம், சைக்கிளுக்கு ஆறு, ஆறரை மணி நேரம் என்று வைத்தால், சாதாரணக் குழுவின் ஓட்டக்காரர் கால் எடுத்து வைக்கும்போது மாலை நான்கு மணி ஆகிவிடும். விடியலில் ஓடியே பழகியவர் அவர். நண்பரை வழியனுப்ப நான்கு மணிக்கே எழுந்து ஹில்போல்ட்ஸ்டைன் நீச்சல் துறைக்கு வந்து, பிறகு சோலாரர் பெர்க்கில் தொண்டை கிழியக் கத்தி, வழியில் சாசேஜ் ரொட்டியும் தின்றுவிட்டு ரோத் வந்து சேர்வார். அதன்பின் வெயில் சாயாத நேரத்தில் கால்வாய்க் கரைச் சரளைப் பாதையில் 42 கிலோமீட்டர்.

அவரைத் தூங்க விடுங்கள். பதினொரு மணிக்கு எழுந்து வந்தாலும் குடி முழுகிப்போகாது. ஊரில் பயிற்சி எடுக்கும்போதே சில ஓட்டங்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளட்டும். வயிறு அந்த நேரத்துக்குப் பழக வேண்டும். ஓட்டம் கைமாறும் இடம் நீச்சல் துறை அல்ல, சில கிலோமீட்டர் தள்ளி ரோத்தில். சாலைகள் அடைபட்டிருக்கும். கார் வைத்திருக்கிறேன், வந்துவிடுவேன் என்பவரை நம்ப வேண்டாம்.

சோலாரர் பெர்க்கில் சூரத்தனம்

இரண்டு சுற்று உண்டு. முதல் சுற்றில் இருபுறமும் கைதட்டும் கூட்டத்துக்காக மிதித்தால், இரண்டாம் சுற்றில் அவர்கள் முன்னிலையிலேயே சைக்கிளைத் தள்ள நேரும்.

புதுக் காலணி

வேண்டாம்.

ஞாயிறு கடை

இல்லை. போட்டி நாள் ஞாயிறு; ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ட்யூப், ஜெல், உப்பு மாத்திரை எல்லாம் சனிக்கிழமையே.

முடிவுக் கோட்டில் ஒருவரைத் தேடுவது

கடைசித் தூரத்தை மூவரும் சேர்ந்து ஓடுவதற்குத்தானே இவ்வளவு தூரம் வருவது. ஓட்டக்காரரிடம் செல்பேசி இருக்காது. மற்ற இருவரும் பீர்க் கொட்டகையில் இருப்பார்கள். சந்திக்கும் இடத்தை முதல் நாளே நேரில் நடந்து பார்த்து, ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர் வேகமாக வந்தால் எத்தனை மணி ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பே அங்கே நில்லுங்கள். சைக்கிளைத் திரும்ப எடுக்கக் கேட்கும் எண் பட்டையை அதுவரை யாரும் கழற்றி எறியாதீர்கள்.