காற்றுக்குப் பறக்காத கூரை: 8-க்கு 6 அடி கொட்டகைக்குச் சட்டம் போடுவது எப்படி

கொல்லையில் மண்வெட்டி, பழைய சைக்கிள், தேங்காய் மூட்டை போட்டு வைக்கக் கொட்டகை கட்டுகிற பலர் தூணுக்குக் காட்டும் அக்கறையைக் கூரைக்குக் காட்டுவதில்லை, ஷீட்டை மேலே வைத்து நாலு ஸ்க்ரூ போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். சின்னக் கூரைக்கு முதல் எதிரி காற்றுதான். அது அடியில் புகுந்து ஷீட்டை மேலே தூக்கும். 2016-இல் வர்தாவையும் 2018-இல் கஜாவையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் 8-க்கு 6 என்றால், பொருள் வீணாகாது. கடையில் 20 அடி பைப் என்று தருவது பெரும்பாலும் 6 மீட்டர்தான், நாலு இன்ச் குறையும். 2 இன்ச் சதுர பைப் ஒன்றை மூன்றாக வெட்டினால் ஆறரை அடியில் மூன்று ராஃப்டர் (முன்னிருந்து பின்னுக்குச் சரிவாக ஓடும் பைப்) கிடைக்கும். ஒன்றரை இன்ச் பைப் இரண்டைப் பாதிப் பாதியாக வெட்டினால் நாலு பர்லின் (ராஃப்டர் மேல் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் பைப்). மூன்றரை அடி அகலக் கலர் ஷீட் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறியபின், பர்லின் நீளத்தை மூடிவிடும். ஷீட்டை 8 அடியில் வாங்குங்கள், வெட்டவே வேண்டாம். பைப் 2 மி.மீ. கனம், ஷீட் 0.5 மி.மீ.; இதற்குக் கீழே போகாதீர்கள்.

முன் தூண் 8 அடி, பின் தூண் 7 அடி. ஆறு அடிக்கு ஓர் அடி வாட்டம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். தாழ்ந்த பக்கம் உங்கள் மனைக்குள் இருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் கொட்டவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை வேறில்லை.

தூண்களின் தலையில் முன்னும் பின்னும் ஒவ்வொரு உத்தரம், 3-க்கு ஒன்றரை இன்ச் பைப்பை 3 இன்ச் பக்கம் நிற்கும்படி வைத்து. ரசமட்டம் பார்த்து முதலில் பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். அப்புறம் தரையில் தூண்களின் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் சரியாக 10 அடி வர வேண்டும். அரை இன்ச் வித்தியாசம் இருந்தாலும் இப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது ஷீட் போடும்போது ஓரம் கோணிக்கொண்டு நிற்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

ராஃப்டர் மூன்றும் நாலு நாலு அடி இடைவெளியில் உத்தரத்தின் மேல் உட்காரும். அதன்மேல் குறுக்கே நாலு பர்லின், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, இடைவெளி இரண்டேகால் அடிக்குள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு பக்கமும் முழு வெல்டிங் வேண்டும். வெல்டர் ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டு இறங்கப் பார்ப்பார், நின்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங்கின் மேல் படியும் கசடைச் சுத்தியால் தட்டி எடுத்துவிட்டு ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடியுங்கள், கசடின் மேல் அடித்த பெயிண்ட் அதோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பைப்பின் திறந்த வாய்களையும் அடைத்துவிடுங்கள், குளவி கூடு கட்டும்.

ஷீட்டை மழைக்காற்று வராத பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். மழைக்காற்று வருவது சென்னை, டெல்டா பக்கம் வடகிழக்கிலிருந்து, தென்காசிப் பக்கம் என்றால் மேற்கிலிருந்து; அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பியுங்கள். அப்படிப் போட்டால் மேலே ஏறிய ஓரத்துக்குள் காற்று புகாது. முன்னும் பின்னும் ஓரப் பர்லினிலிருந்து ஒன்பது ஒன்பது இன்ச் வெளியே நீட்டினால் போதும், அதிகம் நீட்டினால் காற்றுக்குப் பிடி கிடைத்த மாதிரி.

ஸ்க்ரூவை ஷீட்டின் பள்ளத்தில் போடாமல் மேட்டில் போடுங்கள், அதற்கேற்ற நீள ஸ்க்ரூவைக் கேட்டு வாங்குங்கள். பர்லின் எங்கே ஓடுகிறது என்று நூல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டால் குறி தப்பாது. ஓரப் பர்லின் இரண்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. ரப்பர் வாஷர் லேசாகத் தட்டையாகி ஷீட்டில் ஒட்டியதும் நிறுத்துங்கள். ரப்பர் வெளியே பிதுங்கினால் இறுக்கம் அதிகம், வெயிலில் அது வெடித்து அந்த ஓட்டை ஒழுக ஆரம்பிக்கும். மேலே ஏறினால் ஸ்க்ரூ வரிசையில் மட்டும் கால் வையுங்கள், அடியில் பர்லின் இருக்கும் இடம் அதுதான்.

இறங்குமுன் துளையிட்ட இரும்புத் தூளைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுங்கள். விட்டுவிட்டால் ஒரு மழைக்கே புது ஷீட்டில் துருப் புள்ளி விழும்.